காத்திருக்கத் தெரியாத மீன்

"சாளை இருக்கா?" என்று வாய் தவறித் தமிழில் கேட்டுவிட்டேன். மைசூரின் பழைய மொகல்லா ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, தெர்மாகோல் பெட்டிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விரலை நீட்டினேன். "ஓ, பூத்தாயி! மங்களூரு மால் சார். ராத்திரி ஏத்தினது" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே ஐஸ்தூளை விலக்கி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

ஒரு சாண் வராது. நீலமும் பச்சையும் குழம்பிய கருத்த முதுகு, புதிதாகத் துலக்கிய எவர்சில்வர் போல வயிறு. செவுளை ஒட்டி ஒரு கரும்பொட்டு. அதற்குப் பின்னால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மெல்லிய பொன் கோடு. உடம்புக்குப் பொருந்தாத நீளத் தலை. அந்தத் தலையைப் பார்த்துத்தான் விலங்கியலார் 'சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெயரின் பின்பாதிக்கு நீளத்தலை என்று பொருள். மீனைத் திருப்பிக் கொடுத்தபோது என் கட்டைவிரலில் நாலைந்து செதில்கள் ஒட்டியிருந்தன. தொட்டாலே செதில் உதிர்க்கும் மீன் இது.

நான் குமரி மாவட்டத்துக்காரன். எங்களுக்கு இது சாளை. மரச்சீனிக்கிழங்கு அவித்து, பக்கத்தில் சாளைக் குழம்பு வைத்தால் அந்த வீட்டில் அன்று வேறு பேச்சு இருக்காது. வடகேரளத்தில் இதுவே மத்தி. கீழைக் கரையில் பேச்சாளை என்பார்கள். வேகமாகச் சொன்னால் பேய்ச்சாளை என்றே காதில் விழும். துளுக்காரர்களுக்குப் பூத்தாயி. ஒரு கரையில் பேய், மறு கரையில் பூதம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். சொல்லாராய்ச்சிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சிரிப்போடு ஒரு பயமும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஓர் ஊரில் இதே மீனை வாங்கி, நன்றாக வறுத்துத்தான் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உதடு எரிந்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மீன் ஒவ்வாமை என்று நினைத்தேன். மருத்துவர்தான் விளக்கினார். சாளை, அயிலை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்தவுடன் குளிர வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதன்பின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீனில் நாற்றம் தெரியவேண்டும் என்றுகூட இல்லை. சாளை யாருக்காகவும் காத்திருக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்படிப்பட்ட மீன், கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலே, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்த ஊருக்கு எப்படி இத்தனை மினுமினுப்போடு வந்து சேர்கிறது? மீன்காரரிடம் கேட்டேன். "வண்டியிலே வருது சார்" என்றார். மேலும் துருவியதும், மீன் கொண்டுவரும் பிக்அப் ஓட்டுநரின் எண்ணைக் கொடுத்து, "நீங்களே போய்ப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார்.

அன்றிரவே மங்களூர் பேருந்தில் ஏறினேன். அக்டோபர் 31. பேருந்தின் முகப்பில் மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடி கட்டியிருந்தார்கள். மறுநாள் ராஜ்யோத்சவம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோதுதான் மைசூர் மாநிலத்துக்குக் கடல் கிடைத்தது. அதற்கு முன்பும் ஒருமுறை கிடைத்திருக்கிறது. 1763இல் ஹைதர் அலி பெத்தனூரைப் பிடித்தபோது மங்களூர் துறைமுகமும் அவர் கைக்கு வந்தது. 1799இல் திப்பு விழுந்ததும் அது கம்பெனியிடம் போனது. பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மங்களூர் சென்னை மாகாணத்து ஊர். அந்தக் கரையின் மீனை எண்ணிக் கணக்கெழுதியவர்கள் சென்னை அதிகாரிகள். மங்களூர் சென்னையை விட்டு மைசூரோடு சேர்ந்த அதே நாளில்தான் எங்கள் குமரி, திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் மாவட்டத்துக்கும் அன்று உள்ளூர் விடுமுறை. ஒரே நாளில் இரண்டு கரைகள் வீடு மாறியிருக்கின்றன. சாளை மட்டும் எந்த எல்லைக் கல்லையும் பார்க்காமல் குமரியிலிருந்து கார்வார் தாண்டியும் மேய்ந்துகொண்டிருக்கிறது.

ஹுன்சூர், குஷால்நகர், மடிக்கேரி, சம்பாஜே, சுள்யா, புத்தூர் என்று தூக்கத்தில் ஊர்கள் கடந்தன. விடியுமுன் மங்களூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் "தக்கே" என்றேன். வேறு விலாசம் கேட்கவில்லை. தக்கே என்றால் படகுத் துறை. நேத்ராவதியும் குருபுர ஆறும் கடலில் விழும் கழிமுகத்தை ஒட்டிய பழைய துறைமுகம் அது.

கண்ணுக்கு முன்னால் காது விழித்துக்கொள்ளும் இடம். ஏலம் கூறுபவர்களின் குரல், ஐஸ் கட்டியை அரைக்கும் இயந்திரத்தின் கரகரப்பு, க்ரேட்டுகளை ஈரத் தரையில் இழுக்கும் சத்தம். துளு, பியாரி, கொங்கணி, மலையாளம், நடுநடுவே ஒடியாவும் தெலுங்கும். கூடைக்கு முன்னால் அமர்ந்திருந்த மொகவீர மீனவப் பெண்கள் விலையைக் கண்ணாலேயே பேசி முடித்தார்கள். ஒரு பர்ஸீன் படகு அணைந்து, அதன் வயிற்றிலிருந்து சாளையை வாரிக் கொட்டியபோது, பெரிய சில்லறைப் பையைக் கவிழ்த்தது போலிருந்தது.

பர்ஸீன் என்பது நம் ஊர் சுருக்குமடி. கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பாட்டியின் சுருக்குப்பை போல வாயை மூடிவிடுவார்கள். அந்தச் சொல்லைத் தமிழகக் கரையில் சொன்னாலே சண்டை வரும். 2000இல் தமிழ்நாடு அதைத் தடை செய்தது. கர்நாடகக் கரையில் இது 1970களின் நடுவில் வந்தது. அதுவரை இங்கே ரம்பணிதான் ராஜா. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைவலை, ஊரே திரண்டு இழுக்கும், ஊரே பங்கு பிரிக்கும். மீன் கூட்டம் கரைக்கு வரும்வரை ரம்பணிக்காரர்கள் காத்திருந்தார்கள். பர்ஸீன் காத்திருக்கவில்லை; கூட்டம் இருக்கும் இடத்துக்கே போனது. கரைக்கு வரும் மீன் குறைந்தது. சில ஆண்டுகளில் ரம்பணிகள் மடித்து வைக்கப்பட்டன.

துறையோரத்தில் ஓர் அம்மாளிடம் கால் கிலோ வாங்கி, ஒன்றின் வயிற்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே கரும்பச்சைக் களிம்பு. பாசி அரைத்த விழுது போலிருந்தது. அதில்தான் இந்த மீனின் ஆண்டுக் கணக்கு முழுவதும் இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையை ஒட்டி வீசும்போது கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. ஆண்டெல்லாம் அடியில் படிந்த சத்து அதோடு மேலே வருகிறது. வெயிலும் சேர, டயட்டம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகிக் கடலே கலங்குகிறது. 'ஃப்ராஜிலேரியா ஓஷியானிகா' என்ற ஒரு வகை டயட்டம் பெருகினால் அந்த ஆண்டு சாளை பெருகும் என்று 1950களிலேயே நம் கடல் ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். செவுளுக்குள் இருக்கும் சீப்புப் பற்கள் போன்ற சல்லடையால் சாளை இந்த நீரை வடித்துக் குடிக்கிறது. அதன் மேய்ச்சல் நிலம் காற்று உழுது போட்டது.

ஜூனில் மழை இறங்கியதும் முதிர்ந்த சாளைகள் கரைக்கு அப்பால் முட்டையிடத் தொடங்கும். ஒரு தாயின் வயிற்றில் பல பத்தாயிரம் முட்டைகள். அவை நீரில் மிதந்தபடி ஏறத்தாழ ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் விரல் நீளக் குஞ்சுகள் கரையோரம் கூட்டமாக வந்துவிடும். ஓர் ஆண்டு நிறையும்போது சுமார் 15 சென்டிமீட்டர்; அதுவே முட்டையிடும் பருவமும். மொத்த ஆயுள் இரண்டரை ஆண்டு. பிறப்பு, வளர்ப்பு, பேறு எல்லாம் நம் வீட்டுக் குழந்தை பேசப் பழகும் காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. மழை ஓய்ந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாளையின் உடம்பில் எண்ணெய் ஏறி நிற்கும். தோசைக்கல்லில் போட்டால் தன் நெய்யிலேயே வேகும் பருவம். நான் வந்தது சரியான நேரம்தான்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் இயந்திரப் படகுகளுக்குத் தடை. முட்டையிடும் தாய்களுக்கு நாம் கொடுக்கும் பேறுகால விடுப்பு அது. அதே நாட்களில் தலைக்காவிரியில் கொட்டும் மழை கிருஷ்ணராஜசாகரை நிரப்பி, மேட்டூருக்கு இறங்கி, தஞ்சையில் குறுவையாகிறது. பேப்பரில் கே.ஆர்.எஸ். அணையின் நீர்மட்டத்தைத் தேடித் தேடிப் படிக்கிற நாம், அதே காற்று மலைக்கு அந்தப் பக்கம் சாளைக்கும் உழவு ஓட்டிக்கொண்டிருப்பதை நினைப்பதில்லை. குறுவை நெல்லுக்கும் கொழுத்த சாளைக்கும் ஒரே காற்றுதான் விதைப்புக்காரன்.

காற்றை நம்பிய விவசாயம் பொய்ப்பதுபோல் இதுவும் பொய்க்கும். சாளையின் ஏற்ற இறக்கத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அன்று இது பெரும்பாலும் சோற்றுக்கான மீன் அல்ல. பெரிய பானைகளில் அவித்துப் பிழிந்து எண்ணெய் எடுத்தார்கள். தோல் பதனிடவும், மரப்படகுகளுக்குப் பூசவும், கப்பலேறி வெளிநாட்டு ஆலைகளுக்கும் அது போனது. பிழிந்த சக்கை தென்னைக்கும் தோட்டப் பயிர்களுக்கும் எருவானது. சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் நாயுடுவும் 1920களில் சாளையின் வாழ்க்கை வரலாற்றை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். 1940களில் மீன் கிட்டத்தட்டக் காணாமலே போனது. 1943இல் சென்னை அரசு குஞ்சு மீன் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அண்மைக் கதை இன்னும் கடுமையானது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட மீன் 2021இல் 3,297 டன்னுக்கு விழுந்தது. எல் நினோவால் கடல் சூடானது ஒரு காரணம். 2012இன் குவியலுக்குப் பிறகு குஞ்சுகளையும் விட்டுவைக்காமல் அள்ளியது இன்னொன்று. கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்றது. 2023இல் அங்கே மீண்டும் 1.38 லட்சம் டன் வந்தது. இரண்டரை ஆண்டு ஆயுள் என்பதால் விழுவதும் வேகம், எழுவதும் வேகம். நாம் கொஞ்சம் பொறுத்தால் போதும். அதுதான் நமக்கு வராத வித்தை. துறையின் ஒரு மூலையில் சிறு சாளைகளைத் தனியே ஒரு லாரியில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் போடவில்லை. எங்கே என்று கேட்டேன். "மீல்" என்றார் ஒருவர். மீன்தூள் ஆலைக்கு. அங்கே அது மாவாகி, எண்ணெயாகி, வளர்ப்பு இறாலுக்கும் கோழிக்கும் தீவனமாகும்.

இரவு எட்டரைக்குப் பிக்அப் தயாரானது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் வண்டி ஓட்டியதில் தமிழ் பழகியிருந்தார். "அண்ணா, ஏசி எல்லாம் இல்ல. மீனுக்குத்தான் குளிரு, நமக்கு இல்ல" என்று முன்னிருக்கையைத் துடைத்துவிட்டார். பின்னால் பெட்டிகளுக்குள் ஒரு படுகை ஐஸ், ஒரு படுகை மீன், மீண்டும் ஐஸ். கிலோவுக்குக் கிலோ என்பது கணக்கு. "ஐஸ்ல லாபம் பாக்கிறவன் மீன்ல நஷ்டப்படுவான்" என்றார்.

ஐஸின் வேலை குளிர்ச்சி மட்டும் இல்லை. உருகி வழியும் நீர் மீனைக் கழுவிக்கொண்டே இருக்கும். சாளையின் வயிற்றில் சீரண நொதிகள் வலுவானவை. மேய்ந்த வயிறோடு பிடிபட்ட மீன் சூட்டில் கிடந்தால், அந்த நொதிகள் அதன் வயிற்றையே கரைத்து உடைத்துவிடும். ஆனால் மீன் வண்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் மலைச்சாலையை வழுக்க வைத்து இருசக்கர வண்டிக்காரர்களைக் கவிழ்க்கிறது என்று வழியெங்கும் புகார். அதனால் எங்கள் வண்டியில் தண்ணீரைப் பிடிக்கத் தனித் தொட்டி. புத்தூரைத் தாண்டி ஓர் இடத்தில் நிறுத்தி, இறங்கிப்போய் அதன் குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

சம்பாஜேயில் ஏற்றம் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் குடகு மலை சரிந்து இந்தச் சாலையே துண்டானபோது வண்டிகள் வேறு வழி சுற்றின. "அப்போ ராத்திரி முழுக்க வண்டி, காலைல பாதி மீன் போச்சு" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி. பின்னால் பெட்டிகள் கிறீச்சிட்டன. காபிச் செடிகளின் வாசமும் மீன் வாசமும் ஒன்றாக வந்து மூக்கில் மோதியது அந்த இரவில் மட்டும்தான். மடிக்கேரியைத் தாண்டியதும் நீர் பிரிகிறது. இதுவரை பார்த்த ஓடைகள் அரபிக் கடலுக்கு, இனிப் பார்ப்பவை வங்கக் கடலுக்கு. குஷால்நகரில் டீ குடித்துவிட்டு இருட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். கீழே பூம்புகாருக்குப் போகிற தண்ணீர், மேலே மைசூருக்குப் போகிற சாளை.

நாலரை மணிக்கு மைசூர். என் மீன்காரர் கையில் சுமாட்டுத் துணியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "வண்டியிலே வருதுன்னு சொன்னேனே!" என்றார். பெட்டியைத் திறந்தார். கண் இன்னும் பளிச்சென்று, செவுள் சிவப்பாக, விறைப்பு மாறாமல் இருந்தது.

மீனை நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பகலில் கே.ஆர்.எஸ். சாலைப் பக்கம் நடந்தேன். அங்கே செலுவாம்பா மாளிகையில்தான் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1950 அக்டோபரில் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். அரச குமாரிக்காகக் கட்டிய மாளிகையில் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யக் கற்றுக்கொண்டார்கள். அமுல் அதைத் தகர டப்பாவில் நாடெங்கும் கொண்டுபோனது. இறைச்சிக்கும் கடல் உணவுக்கும் அங்கே தனித்துறை உண்டு. ஊரின் இன்னொரு பக்கம், சித்தார்த்த நகரில், 1961இல் ராணுவ உணவு ஆய்வுக்கூடம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். சமைத்த உணவைப் பல அடுக்கு உறையில் அடைத்து, அழுத்தத்தோடு 121 டிகிரிக்கு ஏற்றி, குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாமல் எல்லை முகாமுக்கு அனுப்பும் ரெட்டார்ட் வித்தையை வளர்த்த இடம். கடல் இல்லாத இந்த ஊர், அவசரக்கார உணவுகளுக்கெல்லாம் பொறுமை சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடமாகவே அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்துவருகிறது.

மாலையில் அடுப்படி. நண்பர் தமிழர், அவர் மனைவி மங்களூர்க்காரர். மனைவியின் அம்மா கத்தியைத் தொடவில்லை. மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு மீனை நாலு சுற்று உரசினார், செதில் வந்துவிட்டது. பிறகு கட்டைவிரலைச் செவுளுக்குள் கொடுத்து ஒரு திருகு. தலையோடு குடலும் ஒரே இழுப்பில் வந்தது. ஒரு மீனுக்கு ஐந்து நொடி. நான் முயன்ற முதல் மீன் இரண்டாகப் பிய்ந்தது. அவர் துளுவில் ஏதோ சொல்ல, மகள் சிரித்தபடி, "மீனுக்கு இன்னொரு தடவை சாவு வேணுமான்னு கேக்கறாங்க, அண்ணா" என்றார். அந்தத் துளுப் பேச்சில் எனக்குப் புரிந்த ஒரே சொல் மீன்.

குழம்பின் பெயர் புளிமுஞ்சி. துளுவில் முஞ்சி என்றால் மிளகாய். எங்கள் ஊர்ப் புளிமுளம் சட்டென்று நினைவுக்கு வந்தது. நாங்கள் மிளகாயை முளகு என்போம். ப்யாடகி மிளகாயும் கொத்தமல்லியும் வறுபட்டன. கூடவே சீரகம், நாலு மிளகு, ஒரு சிட்டிகை வெந்தயம். பூண்டும் மஞ்சளும் கெட்டிப் புளியும் சேர்த்து விழுதாக அரைத்தார்கள். தேங்காய் கிடையாது. அதுதான் சூட்சுமம், தேங்காய் சேர்ந்த குழம்பு சீக்கிரம் கெடும். விழுது கொதித்து வந்ததும் மீனை அடுக்கி, அகப்பை போடாமல் சட்டியையே இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார். மேலே இரண்டு கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய்.

தட்டில் சிவப்புக் குச்சலக்கிச் சோறு விழுந்ததும் நான் கையை நீட்டினேன். நண்பரின் மனைவி கரண்டியில் இரண்டு மீன் மட்டும் வைத்துவிட்டுச் சட்டியை மூடினார். "இன்னிக்குப் பசிக்கு, நாளைக்கு ருசிக்கு, அண்ணா."

மூடிய சட்டி ஃப்ரிட்ஜுக்குள் போகவில்லை. அடுப்பு மேடையிலேயே இரவைக் கழித்தது. காலையில் ஒருமுறை சுடவைத்துத் திறந்தபோது எண்ணெய் மேலே மிதந்து சிவந்திருந்தது. முள் மெத்தென்று, புளி சதைக்குள் இறங்கியிருந்தது. இரண்டரை ஆண்டில் ஆயுளை முடித்து, ஐஸை விட்டு வெளியே வைத்தால் சில மணியில் கெட்டு, ஓர் இரவு மலையேறி வந்த மீன் அது. அந்தச் சட்டிக்குள் முதன்முறையாக நிதானமாக ஒரு ராத்திரி படுத்திருந்தது.